காற்று அடிப்பதா, கழுவுவதா, புதிதாகப் போடுவதா? டீசல் வண்டி ஏர் ஃபில்டருக்கு எது சரி

தை பிறந்து பனி விலகியதில் இருந்து கோடை மழை இறங்கும் வரை, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தூசிதான் பெரிய தொல்லை. பர்கூர், ஜெகதேவிப் பக்கம் குவாரியில் ஓடும் டிப்பரானாலும், அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் ராகி அடிக்கப் போகும் டிராக்டரானாலும், என்ஜினுக்குப் போகும் காற்றில் தூசியைத் தடுக்கும் ஏர் ஃபில்டர் நாலு நாளில் நிறம் மாறிவிடுகிறது. உடனே அதைக் கழட்டி என்ன செய்வது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

போன வாரம் காரிமங்கலத்தில் இருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். டிராக்டர் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. "அண்ணா, டேஷ்போர்டுல ஒண்ணும் லைட் எரியல. ஆனா ஃபில்டர் மூடிக்குள்ள ஒரே தூசி. மேஸ்திரி காத்து அடிச்சா போதும்ங்கறாரு. ஸ்பேர்ஸ் கடைக்காரரு புதுசு போடுங்கறாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு சோப்புத் தண்ணியில ஊறப் போட்டு எடுங்கறாரு. யாரு பேச்சைக் கேக்கறது?" என்றான். அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இரண்டு டிராக்டரும் ஒரு டிப்பரும் வைத்து இருபது வருஷமாக இந்தத் தூசியோடு மல்லுக்கட்டி வருகிறேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிய 10,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். டீசல் பிடிக்கும் 200 லிட்டர் டிரம்மை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 50 டிரம் காற்று. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டும்போது மணிக்கு 5 லிட்டர் குடிக்கிற டிராக்டர், ஒரு மணி நேரத்தில் 250 டிரம் காற்றை இழுக்கிறது. அதுவும் தன் பின்னால் தானே கிளப்பிவிட்ட புழுதிக்கு நடுவில் நின்று இழுக்கிறது. கருங்கல் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது கண்ணாடியையே கீறும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசியை நினைத்து நாம் பயப்படுகிறோம். உண்மையில் லைனரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையைத் தின்பது 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள தூள். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் கனமே சில மைக்ரான்தான் என்பதால், அந்தத் தூள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அரைக்கும்.

காற்று அடிப்பது பற்றி எனக்கு இருக்கும் கருத்து ஒரு என்ஜினை இழந்து வந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் டிப்பரைக் குவாரி லோடுக்கு விட்டிருந்தேன். டிரைவர் நல்ல பையன், வண்டியைச் சொந்த வண்டி மாதிரி பார்த்துக்கொள்வான். தினமும் காலையில் வழியில் இருக்கும் பஞ்சர் கடையில் நிறுத்தி, ஃபில்டரைக் கழட்டிக் காற்று அடித்துவிட்டுத்தான் குவாரிக்குப் போவான். நானும் அவனைப் பாராட்டினேன். ஆறு மாதத்தில் வண்டி என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தது.

மேஸ்திரி என்ஜினைப் பிரித்தார். லைனரின் மேல் பகுதியில் நகத்தை வைத்து இழுத்தால் படி மாதிரி தட்டியது. ரிங்குகள் தேய்ந்து ஓரம் பிளேடு மாதிரி ஆகியிருந்தது. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் காற்று இழுக்கும் சக்கரத்தில் இறக்கை நுனிகள் மழுங்கிப்போயிருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழட்டி, உள்ளே விரலை விட்டுத் துடைத்து என் முன்னால் நீட்டினார். விரலில் திருநீறு பூசின மாதிரி சாம்பல் நிறத்தூள். ஃபில்டரைத் தாண்டி உள்ளே இருக்கவே கூடாத இடம் அது.

அப்புறம் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, ஃபில்டர் எலிமென்டுக்குள், அதாவது டப்பாவுக்குள் இருக்கும் மடிப்புப் பேப்பர் உருளைக்குள், செக்கிங் பல்பை விட்டார். இருட்டில் அது ஒரு விளக்குக் கூடு மாதிரி மங்கலாகத் தெரிந்தது. மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு மடிப்பின் முகட்டில், அடுத்தடுத்து மூன்று ஊசிமுனை வெளிச்சம். "தினமும் நீங்க அடிச்ச காத்து போட்ட ஓட்டை இது" என்றார்.

பஞ்சர் கடை கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் காற்று நிற்கும். லாரி டயருக்கு அது வேண்டும். ஃபில்டர் பேப்பர் தாங்குவது அதிகபட்சம் 30 பிஎஸ்ஐதான். டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம் செய்கிற பெரிய கம்பெனிகள் பலவும் தங்கள் கையேட்டில் இந்த அளவைத்தான் போட்டிருக்கின்றன. பையன் நாசிலைப் பேப்பரோடு ஒட்டி வைத்து, அதுவும் வெளிப்பக்கத்தில் இருந்து உள்ளே அடித்திருக்கிறான். ஓட்டை விழாத இடத்திலும் தூசி பேப்பருக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடைத்திருக்கிறது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக்கொடுக்காதது என் தப்பு. அந்த என்ஜின் வேலைக்குக் கொடுத்த பணத்தில் வருஷக்கணக்கில் புது ஃபில்டர் வாங்கிப் போட்டிருக்கலாம்.

நிறையப் பேர் நம்ப மறுக்கும் ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. புத்தம் புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் ஓடி அழுக்கான ஃபில்டர் தூசியை இன்னும் நன்றாகப் பிடிக்கும். பேப்பரின் மேல் படியும் தூசிப் படலமே இன்னொரு சல்லடையாக மாறி, அடுத்து வரும் பொடித் தூளைத் தடுக்கிறது. ஒரு ஃபில்டரின் ஆயுளில் அதிகமாகத் தூசி உள்ளே விடுவது அதன் முதல் சில மணி நேரத்தில்தான். தினமும் கழட்டித் தட்டிக் காற்று அடித்தால், அந்தப் படலத்தைத் தினமும் உதறிவிட்டு, முதல் நாள் நிலைக்கே அதைக் கொண்டுபோகிறோம். கழட்டும்போது சுத்தமான பக்கத்தில் கொட்டும் தூசி தனி. அது நேராக என்ஜினுக்குத்தான் போகும்.

சரி, எப்போதுதான் கழட்டுவது? அதற்குத்தான் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் இருக்கிறது. சில வண்டியில் ஃபில்டர் டப்பாவின் மேல் சின்னக் கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும், அடைத்தால் சிவப்பு ஏறும். டிராக்டர்களில் பெரும்பாலும் டேஷ்போர்டில் விளக்காக இருக்கும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரிதான் இதன் கணக்கும். ஃபில்டர் அடைக்க அடைக்க என்ஜின் இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ஒரு குழாயில் தண்ணீரை 25 அங்குலம் மேலே தூக்குகிற அளவுக்கு அந்த உறிஞ்சல் போனால் டர்போ என்ஜினுக்கு ஃபில்டர் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். டர்போ இல்லாத என்ஜினில் இது 20 அங்குலம் வாக்கில் இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியிலோ, லோடில்லாமல் சும்மா ஓடவிடும் ஐடிலிங்கிலோ விளக்கு அணைந்திருக்கிறதே என்று பார்ப்பது பயனில்லை. லோடோடு முழு வேகத்தில் ஓடும்போதுதான் உண்மை தெரியும். குப்பி வகையில் சிவப்பு அப்படியே நின்றுவிடும், மாற்றிய பிறகு பட்டனை அழுத்தி இறக்கிவிட வேண்டும்.

சேலத்தில் இருந்து லோடு ஏற்றி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி முக்கிக்கொண்டு கரும்புகை தள்ளினால் உடனே ஃபில்டரைக் குறை சொல்கிறோம். டீசல் தெளிக்கும் நாசில், டீசல் பம்ப் கோளாறிலும் அதே புகைதான் வரும். இண்டிகேட்டரைப் பார்க்காமல் ஃபில்டரில் கை வைக்காதீர்கள்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். காற்று அடிப்பது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் டிராக்டருக்கு நானே அடிக்கிறேன். ஆனால் வீட்டில் ரெகுலேட்டர் வைத்த சின்னக் கம்ப்ரசரில், 30 பிஎஸ்ஐக்குக் கீழே வைத்து, எலிமென்டின் உள்ளே இருந்து வெளியே அடிக்கிறேன். நாசிலைப் பேப்பரில் இருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பிடித்து, மடிப்பின் நீளவாக்கில் மேலும் கீழும் ஓட்டுவேன். தரையிலோ டயரிலோ தட்டவே மாட்டேன். தட்டினால் இரும்பு மூடியின் ஓரம் நெளியும், ரப்பர் சரியாக உட்காராது. அடித்து முடித்ததும் இருட்டு மூலையில் டார்ச் விட்டுப் பார்ப்பேன். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். எத்தனை தடவை அடித்தேன் என்று மூடியில் மார்க்கரால் கோடு போட்டு வைக்கிறேன். ஒரு எலிமென்டை ஆறு தடவை வரை சுத்தம் செய்யலாம் என்று சொல்லும் கம்பெனியும் உண்டு, சுத்தம் செய்யவே வேண்டாம் என்கிற ஃபில்டர் கம்பெனியும் உண்டு. நான் இரண்டு கோட்டுக்கு மேல் போவதில்லை.

டிராக்டருக்கு அடிக்கலாம், குவாரி டிப்பருக்குக் கூடாது என்று ஏன் பிரிக்கிறேன் என்றால், இரண்டு தூசியும் வேறு. ராகி அடிக்கும்போது பறப்பது உமியும் சருகும் சுணையும். இவை பேப்பரின் வெளிப்பக்கத்தில் போர்வை மாதிரி படியும், லேசான காற்றுக்கே உதிர்ந்துவிடும். உமியால் அடைத்த ஃபில்டரைத் தூக்கி எறிவது வீண் செலவு. கருங்கல் தூள் அப்படி இல்லை. மாவு மாதிரி பேப்பரின் நாருக்குள்ளேயே போய் இறங்கிவிடும். 30 பிஎஸ்ஐயில் அது வராது. வருகிற அளவுக்கு அழுத்தம் கூட்டினால் பேப்பர் போய்விடும். அதனால் கல் தூசியில் ஓடும் வண்டிக்குக் காற்று அடிப்பதால் லாபம் கொஞ்சம், ஆபத்து நிறைய. நிலக்கடலை, கொள்ளு அடிக்கும்போது வரும் செம்மண் புழுதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு தடவை அடிக்கலாம், அதற்குமேல் நம்ப வேண்டாம்.

கழுவுவதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனசில்லை. தண்ணீரில் கழுவலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். கழுவினால் நிழலில் முழுசாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். சீசன் நேரத்தில் யார் பொறுப்பார்கள்? வெயிலில் வைத்து, மேலே காய்ந்ததும் மாட்டிவிடுகிறார்கள். ஈரப் பேப்பர் உறிஞ்சலைத் தாங்காமல் கிழியும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டீசலிலோ பெட்ரோலிலோ கழுவுவது அதைவிட மோசம். பேப்பரை மூடியோடு ஒட்டிய பசை விட்டுப்போகும், மிச்சம் நிற்கும் ஆவியை என்ஜின் இழுத்தால் கட்டுக்கு மீறி ஓடும். என்னைப் பொறுத்தவரை மூன்றில் இதற்குக் கடைசி இடம்.

புதிதாகப் போடுவது செலவு என்கிறார்கள். வண்டியைப் பொறுத்து ஒரு வெளி எலிமென்ட் சில நூறு ரூபாயில் இருந்து சில ஆயிரம் வரை வரும். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி என்ஜின் வேலை பார்த்தால், டிப்பர் மாதிரி வண்டிக்கு லட்சத்தைத் தாண்டும். வேலையில்லாமல் நிற்கும் நாட்கள் தனி. ஆனால் புதிது என்று கடையில் கொடுப்பதெல்லாம் சரியானதும் இல்லை. ஒருமுறை பாதி விலைக்குக் கிடைத்தது என்று நானே ஒன்று வாங்கினேன். உயரமும் விட்டமும் பழையது மாதிரியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மடிப்பை எண்ணினால் புதிதில் மடிப்பு கணிசமாகக் குறைவு, அதாவது பேப்பரே குறைவு. மேல் ரப்பர் கல் மாதிரி கெட்டி. அது டப்பாவின் வாயைப் பிடிக்காது, சுற்றி வழி விடும். விலை குறைந்த கம்பெனி என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் மடிப்பு நெருக்கம், ரப்பரின் மென்மை, பசை இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பார்ட் நம்பர் பொருந்தவில்லை என்றால் "அட்ஜஸ்ட் ஆகும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

வெளி எலிமென்டுக்குள் சின்னதாக இன்னொன்று இருக்கும். அது காவல்காரன் மாதிரி. வெளியே இருப்பது கிழிந்தால் காப்பாற்ற மட்டும் இருப்பது. அதற்குக் காற்றும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. வெளி எலிமென்டை மூன்று முறை மாற்றும்போது ஒருமுறை இதையும் மாற்றினால் போதும். சும்மா சும்மா அதை வெளியே எடுத்துப் பார்க்கவே கூடாது. "ரெண்டு இருந்தா பிக்கப் குறையுது" என்று உள் எலிமென்டைக் கழட்டி வீட்டில் வைத்த ஒருவரைத் தெரியும். அவருக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

பழைய டிராக்டர்களில் இன்னும், கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான் ஓடுகிறது, என்னிடமும் ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டுப் பேப்பர் வகைக்கு மாற்றச் சொல்கிறார்கள். தூசி பிடிப்பதில் பேப்பர்தான் கெட்டி, அதில் சந்தேகமில்லை. ஆயில் பாத், காற்று வேகமாக ஓடினால்தான் நன்றாக வேலை செய்யும். ஐடிலிங்கில் அதன் பிடி குறைந்துவிடும். ஆனாலும் உழவுக்கும் டிரெய்லருக்கும் மட்டும் போகிற வண்டிக்கு மாற்ற வேண்டியதில்லை என்பது என் முடிவு. மாற்றினால் டப்பா, ஹோஸ், கிளாம்ப் என்று புதிய இணைப்புகள் வரும், ஒவ்வொன்றும் காற்று புக ஒரு வழி. இருப்பதை ஒழுங்காகப் பராமரித்தாலே அது காலத்துக்கும் உழைக்கும். கிண்ணத்தில் ஆயில் கோடு வரை நிற்கிறதா என்று, புழுதி வேலை நாளில் தினமும் பாருங்கள். அடியில் சேறு அரை அங்குலம் சேர்ந்தால் ஆயிலைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் கம்பி வலையையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசி, சொட்டு வடிய விட்டு, புது ஆயில் ஊற்ற வேண்டும். என்ஜினில் இருந்து இறக்கிய கருப்பு ஆயிலை இதில் ஊற்றுகிறார்கள், அது கூடாது. கோட்டுக்கு மேலேயும் ஊற்றாதீர்கள். அதிகமான ஆயிலை என்ஜின் இழுத்துக்கொண்டால் அதையே எரித்து வேகம் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

எந்த வகைக்கும் பொதுவான இரண்டு விஷயங்கள். ஒன்று, ஃபில்டர் டப்பாவின் அடியில் வாத்து மூக்கு மாதிரி தொங்கும் ரப்பர் வால்வு. சுழன்று விழும் கனமான தூசியை எலிமென்டுக்குப் போகவிடாமல் வெளியே துப்புவது அதுதான். தினமும் காலையில் இரண்டு விரலால் அமுக்கிவிட்டால் போதும். அது அடைத்துக்கொண்டால் தூசி எல்லாம் எலிமென்டில் ஏறும். எலி கடித்தோ வெடித்தோ போய்விட்டால் அந்த வழியாகவே புழுதி உள்ளே ஏறும். இரண்டு, ஹோஸும் கிளாம்பும். ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் ஹோஸில் ஒரு விரிசல் இருந்தால் எல்லாம் வீண். எலிமென்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹோஸின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி வந்தால் எங்கிருந்தோ காற்று புகுகிறது என்று அர்த்தம். டப்பாவின் உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் புதிதை வைக்க வேண்டும், அங்கே காற்று அடிக்கவே கூடாது.

ஆக, என் வண்டிகளுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. குவாரி டிப்பருக்கு இண்டிகேட்டர் சிவக்கும் வரை தொடுவதில்லை, சிவந்தால் நேராகப் புதிது. போர்வெல் போடும் வண்டியோ கம்ப்ரசரோ கல் தூசியில் நிற்கிறது என்றால் அதற்கும் இதேதான். டிராக்டருக்கு ராகி சீசன் நடுவில் விளக்கு எரிந்தால் ஒரு முறை மெதுவாகக் காற்று, அடுத்த முறையும் அடிக்கலாம், அதற்கடுத்துப் புதிது. விளக்கே எரியாவிட்டாலும் வருஷம் ஒரு தடவை மாற்றிவிடுவேன். ஓசூர் ரோட்டில் தாரின் மேலேயே ஓடும் லாரிக்கு சர்வீஸ் நேரம் வரை யாரும் கை வைக்க வேண்டாம். மாங்கூழ் பேக்டரி ஜெனரேட்டர் மாதிரி ஒரே இடத்தில் நிற்பதற்குத் தூசி குறைவு. ஆனால் புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் பேப்பரில் ஏறியிருந்தால் அது காற்றுக்கு வராது, மாற்றத்தான் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிப்படி வந்த லாரிகளில் காற்றை அளக்கும் சென்சார் வைத்த வண்டிகள் உண்டு. அவற்றில் ஆயில் தடவிய பஞ்சு ஃபில்டர் மாதிரி எதையும் முயற்சி செய்யாதீர்கள், ஆயில் ஒட்டினால் சென்சார் கெட்டுவிடும்.

காரிமங்கலம் தம்பிக்கு அன்று போனிலேயே ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன். "ஃபில்டரை விடு. டப்பாவுக்கு அடியில ரப்பர் மூக்கு இருக்கும் பாரு, அதை அமுக்கு" என்றேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்தான். "அண்ணா, ரெண்டு கைப்பிடி ராகி உமி கொட்டுது. மூக்கு ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு" என்றான். விளக்கு எரியவில்லை, லோடில் புகையும் இல்லை. மூடியை ஈரத் துணியால் துடைத்து, எலிமென்டைத் தொடாமல் அப்படியே மூடச் சொன்னேன். மறுநாள் அந்த ரப்பர் மட்டும் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான்.